கே அண்ட் ஆர் பாணியை மாற்றப் போய் ஃப்ளோட்டில் நின்ற கதை

படங்களின் அளவை மாற்றும் ஒரு சிறிய ஓப்பன் சோர்ஸ் சி லைப்ரரி. கிளாங் என்ற கம்பைலரின் 15ஆம் பதிப்பு வந்ததும் பில்ட் முழுக்க எச்சரிக்கைகள். ஃபங்ஷன்கள் எல்லாம் பழைய கே அண்ட் ஆர் (சி புத்தகம் எழுதிய கெர்னிகன், ரிச்சி) பாணி: அடைப்புக்குறிக்குள் பெயர் மட்டும், டைப் அதற்குக் கீழே. சி மொழியின் தர வரையறையான சி23 அந்தப் பாணியையே தூக்கிவிட்டது. தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரிகூட 2023இல் 1.3 பதிப்பில் அதைக் கைவிட்டது. சரி, நாமும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

பழைய டாஸ் இயங்குதளத்தில் மட்டும் கம்பைல் ஆகும் இஃப்டெஃப் பகுதிகளும், யாரும் அழைக்காத ஸ்டாட்டிக் (ஒரே கோப்புக்குள் மட்டும் தெரியும்) ஃபங்ஷன்களும் சுலபமாகப் போயின. பயன்படாத ஸ்டாட்டிக் எது என்று கம்பைலரே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல், விகிதத்தை ஃப்ளோட்டாக (சிறிய அளவுத் தசம எண்ணாக) வாங்கும், வெளிப் புரோகிராம்களும் அழைக்கும் ஒரு பொது ஃபங்ஷனில். அழைப்பவர்களுக்கு ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் அதற்கு வெற்று அடைப்புக்குறிதான். பழைய பாணியில் ஃப்ளோட் என்று எழுதியிருந்தாலும் அழைப்பவர் அனுப்புவது டபுள், அதாவது அதைவிடப் பெரிய தசம எண் டைப். உள்ளே வந்த பிறகுதான் அது ஃப்ளோட் ஆகும். புரோட்டோடைப்பில் (டைப்பையும் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதும் புதிய பாணியில்) ஃப்ளோட் என்று போட்டால் ஃபங்ஷன் நேராக ஃப்ளோட்டையே எதிர்பார்க்கும். ஆனால் ஏற்கெனவே கம்பைல் ஆகி யார் யார் கணினியிலோ ஓடும் புரோகிராம்கள் டபுளைத்தானே அனுப்பும்? அங்கே கிடைப்பது குப்பை எண். நம் டெஸ்ட்களோ புதிய ஹெடரோடு கம்பைல் ஆவதால் எல்லாம் பாஸ்! அதனால் டபுள் என்றே எழுதி, உள்ளே ஃப்ளோட்டாக மாற்றிக்கொண்டேன். பார்க்க அசிங்கம்தான். லைப்ரரியைப் பராமரிக்கும் மெயின்டெய்னரும் ஏன் இப்படி என்று கேட்டார். காரணத்தை கமிட் செய்தியில் விளக்கியதும் சேர்த்துக்கொண்டார்.

எச்சரிக்கையை அடக்குவதே குறி என்று வேலை செய்வது எனக்குப் பயம். 2006இல் டெபியன் லினக்ஸில், நினைவகப் பிழைகளைத் தேடும் வேல்கிரைண்ட் கருவி குறை சொல்கிறது என்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் சில வரிகளை நீக்கினார்கள். ரேண்டம் எண்ணுக்கு விதையாக மிஞ்சியது புராசஸ் ஐடி மட்டும், அதாவது எளிதில் ஊகிக்கக்கூடிய 32,768 சாத்தியங்கள். வெளியே தெரிந்தது 2008இல்.

அப்புறம், எக்ஸ்போர்ட் ஆன (வெளியிலிருந்தும் அழைக்கக்கூடிய) பழைய ஃபங்ஷன் ஒன்றை, கிரெப் என்ற தேடல் கட்டளையில் யாரும் அழைப்பதாகத் தெரியவில்லை என்பதால் நீக்கலாம் என்றார் இன்னொரு பங்களிப்பாளர். நம் ரெப்போவுக்குள் கிரெப் போட்டால் வெளியே இருப்பவர்கள் எப்படித் தெரிவார்கள்? டெபியன் பேக்கேஜ்களின் கோட் முழுவதிலும் தேடும் டெபியன் கோட் சர்ச் தளத்தில் தேடியபோது வேறொரு பேக்கேஜ் அதை அழைத்துக்கொண்டிருந்தது. 'வழக்கொழிந்தது' என்று குறித்து வைத்திருக்கிறோம். பழைய புரோகிராம்களோடு பொருந்தாத புதிய பதிப்பு என்று காட்ட லைப்ரரியின் எஸ்ஓநேம் மாறும்போது எடுத்துவிடலாம்.