தோட்டக் காவலுக்கு ஓலைக் குடில்: ஆடிக் காத்துக்கு நிக்குமா?

செம்மண்தோட்டம்:
பணகுடி பக்கம் தோட்டம். ராக்காவலுக்கு 10க்கு 8 அடியில் ஒரு குடில் போடணும். ஆனியிலிருந்து தை வரை நின்னால் போதும். கைவசம் சீமைக்கருவேலக் கம்பு, பழைய பிளக்ஸ் பேனர், ஓட்டு வீடு பிரிச்ச பனங்கை (பனைமரச் சட்டம்) 3, ஒவ்வொண்ணும் 12 அடி, இருக்கு. பனை ஓலை எத்தனை வேணும்? வாசலை எந்தப் பக்கம் வைக்க?

பனங்காடு:
அண்ணாச்சி, உங்க பக்கம் குடிலைச் சாய்க்கிறது மழை இல்லை, மேற்கே இருந்து வீசுற மேல்காத்துதான். முகட்டைக் கிழக்கு மேற்கா ஓட விடுங்க. மேற்கு முகப்பைத் தரை வரை அடைச்சிரணும். அங்கே வாசல் வச்சால் உள்ளே புகுந்த காத்து கூரையைத் தூக்கிரும். வாசல் கிழக்கே, நடுக்காலுக்கு ஒரு ஓரமா.

நடுக்கால் 2, கவட்டை வரை பத்தரை அடி. மூலைக்கால் 4, ஆறரை அடி. எல்லாமே 2 அடி மண்ணுக்குள்ளே. சீமைக்கருவேலத்தில் பத்தரை அடிக்கு நேர்க்கம்பு கிடைக்கிறது கஷ்டம். நடுக்காலுக்குச் சவுக்கு வாங்கிருங்க. கருவேலக் கம்பைப் பட்டை உரிக்காமல் நட்டால் வண்டு துளைச்சு உளுத்துப் போகும். புதையுற பாகத்தைத் தீயில் வாட்டி, கழிவு ஆயில் தடவினால் கரையான் சீக்கிரம் ஏறாது.

பனங்கையில் ஒண்ணு முகட்டுக்கு, ரெண்டு பக்கவாட்டுக்கு. முகட்டிலிருந்து சரிவா இறங்குற கைமரம் 7 அடி, பக்கத்துக்கு 6. கைமரத்துக்குக் குறுக்கே கட்டுற வரிச்சு அடிக்கு ஒண்ணு, பக்கத்துக்கு 8. வைரம் பாய்ஞ்ச பனங்கையில் ஆணி வளையும், இறங்கினால் பிளக்கும். அதனால் எல்லாம் கட்டுத்தான். கட்டுற நாரை நனைச்சுக் கட்டுங்க, காய்ஞ்ச நார் முடிச்சில் ஒடியும்.

ஓலைக் கணக்கு: பாதிக்குப் பாதி மேலேறினால் ஒரு ஓலை ஒன்றரை அடி மூடும். 12 அடி வரிசைக்கு 8, எட்டு வரிசைக்கு 64, ரெண்டு பக்கமும் 128. முகட்டுக்கும் கழிவுக்கும் சேர்த்து 150 வெட்டுங்க. சாரோலை (முத்தின ஓலை) போதும், குருத்தைத் தொடாதீங்க. விரிச்சு அடுக்கி, மேலே கல் ஏத்திப் படிய விட்டு அப்புறம் மேயணும். படியாத ஓலையைக் காத்து நெம்பிரும்.

கரிசல்காட்டான்:
பிளக்ஸை ஓலைக்கு மேலே போட்டால் வெயிலில் நொறுங்கும். ஓலையை ஒட்டி அடியில் போட்டால் ஓலை வேர்த்து அழுகும். கைமரத்து மேலே கொஞ்சம் தொய்வா விரிச்சு, அதுக்கு மேலே வரிச்சு கட்டுங்க. ஒழுகுற தண்ணி வரிச்சுக்குக் கீழே தொய்வில் ஓடிரும். கட்டுக்குத் துளை போடுறது கைமரத்து மேட்டில் மட்டும்.

செம்மண்தோட்டம்:
கிழக்கே வாசல்னா ஐப்பசி, கார்த்திகை மழை நேரா உள்ளே அடிக்குமே?

பனங்காடு:
அடிக்கும். புரட்டாசியில் வாசலுக்கு மேலே 3 அடி ஓலைத்தட்டி ஒண்ணைச் சாய்வா இறக்கிக் கட்டுங்க. ஆடியிலேயே கட்டினால் காத்துக்கு அது காது மாதிரி அடிச்சிக்கிட்டே கிடக்கும். பச்சைக் கம்பு காய்ஞ்சு சுருங்குறப்போ கட்டு தளரும். முதல் மாசம் முடிஞ்சதும் கைமரக் கட்டு, முகட்டுக் கட்டு அத்தனையையும் அவிழ்த்து இறுக்கணும். அடுப்பு மட்டும் குடிலுக்குள்ளே வேண்டாம். ஆடியில் கிழக்கே தள்ளி வைங்க, பொறி குடிலுக்குத் திரும்பாது.

கரிசல்காட்டான்:
ஓலைக்கு மேலே 2 அடிக்கு ஒரு அழுத்துக்கம்பு போட்டு வரிச்சோட சேர்த்துக் கட்டவும். அதை விட்டுட்டு மேய்ஞ்சால் மத்ததெல்லாம் சரியா இருந்தும் மேற்கு ஓரத்து ஓலைதான் முதல்ல போகும்.