5,540 கிலோமீட்டரைக் கடக்க எட்டு மணி நேரம் ஏன்?

கேள்வி:
லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 5,540 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் ஆறேகால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். என் பயணச்சீட்டிலோ போக எட்டு மணி நேரமும் திரும்ப ஏழு மணி நேரமும் போட்டிருக்கிறது. பூமி சுழல்வதுதான் காரணம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நீங்கள் நம்பாதது சரியே. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தச் சுழற்சி நேரடியாக விமானத்துக்கு லாபமும் தராது, நட்டமும் தராது. வித்தியாசத்தை உண்டாக்குவது, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகக் காற்று. அது 150 கி.மீ. வேகத்தில் வீசுவதாகக் கொண்டால், எதிர்த்துப் போகும் விமானம் தரையைப் பொறுத்து மணிக்கு 750 கி.மீ. தான் நகரும், பயணம் 7 மணி 23 நிமிடம் பிடிக்கும். திரும்பும்போது 1,050 கி.மீ. வேகத்தில் 5 மணி 17 நிமிடத்தில் வந்துவிடும். போகும்போது இழந்தது வரும்போது முழுவதும் ஈடாவதில்லை என்பதையும் கவனியுங்கள்: காற்றே இல்லாத நாளைவிட இரு பயணமும் சேர்ந்து சுமார் இருபது நிமிடம் கூடுதலாகிறது. 2020 பிப்ரவரியில் பலத்த காற்றின் உதவியால் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாக வந்து சேர்ந்தது.

மறுமொழி 2:
காற்று பாதிக் கதைதான். பயணச்சீட்டில் இருப்பது பறக்கும் நேரம் அன்று. புறப்படும் இடத்தில் சக்கரத் தடுப்புக் கட்டையை எடுப்பதிலிருந்து, சேரும் இடத்தில் மறுபடி வைப்பது வரையிலான 'பிளாக் டைம்'. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், தரையிறங்க முறை வரும்வரை வானில் வட்டமடிப்பதும் இதற்குள் அடக்கம். ஒருமுறை நான் ஏறிய விமானம் ஓடுபாதையின் முனையில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு, அப்படியும் அட்டவணைக்கு முன்பே இறங்கியது. அவ்வளவு தாராளமாக நேரத்தைக் கூட்டிப் போட்டிருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரு ஊர்களுக்கிடையே தூரத்தைக் கணக்கிடும் கணிப்பான் காட்டும் கோடு வரைபடத்தில் வடக்கே வளைந்து போகிறதே, அது சுற்றுவழி இல்லையா?

மறுமொழி 3:
இல்லை, அதுதான் மிகக் குறுகிய வழி. ஓர் உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்; அது அயர்லாந்தைத் தொட்டு நியூஃபவுண்ட்லாந்துப் பக்கமாகத்தான் போகும். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான தாளில் விரிக்கும்போதுதான் அது வளைவாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கோட்டின் மேலேயே விமானம் பறக்கும் என்று எண்ண வேண்டாம். வட அட்லாண்டிக்கில் அன்றாடக் காற்றைப் பார்த்து வான்தடங்களை நாள்தோறும் புதிதாக வகுக்கிறார்கள். அரசியலும் குறுக்கிடும்: 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இத்தனைக்கும், கணிப்பானில் அந்தத் தூரம் இன்றும் மாறவில்லை.