பின்னுக்கு ஆள் ஏறினால் முன்சில்லு ஏன் சொல்வழி கேட்பதில்லை? (செஸ்னா 172, சீனக்குடா)

நிலாவெளி

வணக்கம். பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேன். பாரம், சமநிலைப் பாடத்தில் வரும் கணக்கெல்லாம் பறப்பைப் பற்றியே இருக்கிறது. தரையில் உருளும்போது என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு வரிதான். செஸ்னா 172N மாதிரியில் முன்னுக்கு இரண்டு பேர் மட்டும் இருந்தால் பெடலுக்கு ஒழுங்காகத் திரும்புகிறது. பின்னுக்கும் இரண்டு பேர் ஏறினால் வளைவு அகலமாகிறது, நிற்பாட்டவும் கூடத் தூரம் பிடிக்கிறது. பாரம் கூடினால் சில்லு தரையை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமே? கச்சான் காற்றுக் காலத்தில் திருகோணமலைச் சீனக்குடாவில் இது இன்னும் மோசமாகுமா?

கன்னியா

தம்பி, மொத்தப் பாரம் கூடும்போதே முன்சில்லின் பாரம் குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

வெற்று விமானம் 1454 இறாத்தல், அதன் திருப்பம் (பாரம் × தூரம்) 57,600 இறாத்தல்-அங்குலம் என்று வைப்போம். தூரமெல்லாம் ஒரே இடத்தில் இருந்து அளப்பது. எஞ்சினுக்குப் பின்னுள்ள தீச்சுவரில் இருந்து முன் இருக்கை 37 அங்குலம், பின் இருக்கை 73, எரிபொருள் 48. முன்னுக்கு இரண்டு பேர் 340 இறாத்தல், பாவிக்கக்கூடிய எரிபொருள் முழுவதும் 240 இறாத்தல். மொத்தம் 2034. திருப்பங்களின் கூட்டுத்தொகையை இதால் பிரித்தால் ஈர்ப்பு மையம் 40.2 அங்குலத்தில்.

இப்போது பின்னுக்கு இரண்டு பேர், 330 இறாத்தல். அப்படியே ஏற்றினால் 2364 ஆகி 2300 என்ற எல்லையைத் தாண்டும். ஆகவே எரிபொருளில் 64 இறாத்தல், அதாவது 40 லீற்றர் அளவு, குறைக்க வேண்டும். மொத்தம் சரியாக 2300, ஈர்ப்பு மையம் 44.7.

முன்சில்லின் பாரம் = மொத்தப் பாரம் × (பிரதான சில்லின் தூரம் − ஈர்ப்பு மையம்) ÷ சில்லிடைத் தூரம். சில்லிடைத் தூரம் 65 அங்குலம். பிரதான சில்லின் தூரத்தை 58 என்று வைக்கிறேன். உங்கள் விமானத்தின் சரியான அளவை அதன் நிறுவைத் தாளில் எடுங்கள். விடையைக் கிலோவுக்கு மாற்றினால், முதல் நிலையில் முன்சில்லில் 253 கிலோ, இரண்டாவதில் 214 கிலோ. விமானம் 120 கிலோ கூடியது, மூக்கு 39 கிலோ இளகியது. பிரதான சில்லுகளில் 670 ஆக இருந்தது 829 ஆகிறது. திருப்ப வேண்டிய சில்லுக்குப் பிடிப்புக் குறைவு, திரும்ப வேண்டிய உடலுக்குப் பாரம் கூட. வளைவு அகலமாவது இதனால்தான்.

நிற்பாட்டும் தூரம்: பிரேக் இருப்பது பிரதான சில்லுகளில் மட்டும். அதே அழுத்தத்தில் மிதித்தால், 13 வீதம் கூடின பாரத்துக்குத் தூரமும் 13 வீதம் கூடும். வேகம் அதைவிடப் பெரிய விசயம். 10 நொட்டில் இருந்து 15 நொட்டுக்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. நாலு பேர் இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மூதூர்_பட்டறை

கன்னியா சொன்ன கணக்கோடு ஸ்ட்ரட்டையும் (முன்சில்லைத் தாங்கும், ஒயிலும் காற்றும் அடைத்த குழாய்) சேர்த்துப் பாருங்கள். 172இல் பெடலுக்கும் முன்சில்லுக்கும் இடையில் சுருள்வில் இருக்கிறது. பெடலால் மட்டும் பக்கத்துக்கு ஏறத்தாழ 10 பாகை, ஒரு பக்க பிரேக்கையும் சேர்த்தால் 30 பாகை வரை. நின்ற இடத்தில் பெடலை மிதித்தால் வில்தான் அமுங்கும், சில்லு திரும்பாது. மூக்கில் பாரம் கூட இருக்கும்போது இன்னும் மோசம். முதலில் உருளவிட்டுப் பிறகு மிதியுங்கள்.

மூக்கு இளகினால் வேறு சிக்கல். ஸ்ட்ரட் நீளும். முழுவதும் நீண்டுவிட்டால் உள்ளே இருக்கும் மையப்படுத்தும் அமைப்பு சில்லை நேராகப் பிடித்துக்கொள்ளும். அது பறப்புக்காக வைத்தது. சரியாகப் பராமரித்த ஸ்ட்ரட், பாரத்தால் மட்டும் அந்த நிலைக்கு வராது. ஆனால் ஒயில் குறைந்து மூக்கு தாழ்ந்து நிற்கும்போது, ஒயில் விடாமல் காற்றை மட்டும் அடித்து உயர்த்திவிடுகிறார்கள். இது கூடவே கூடாது. பின்னுக்குப் பாரம் ஏறியதும் அந்த ஸ்ட்ரட் லேசாக நீண்டு, பெடல் வேலை செய்யாமல் போகும். கையேடு சொல்வது 5606 ஹைட்ரோலிக் ஒயில், காற்று 45 பிஎஸ்ஐ. முன் ரயர் 5.00-5 என்றால் 31, பிரதான ரயர் 29 பிஎஸ்ஐ.

சோதிக்க: வால் உடலை, கிடைவாலுக்கு முன்னால் உள்ள சட்டத்தின் மேல் கைவைத்து அழுத்தி விடுங்கள். கிடைவாலைத் தொடவேண்டாம், தகடு மடங்கும். மூக்கு எழும்பி, இறங்கி, பழைய உயரத்திலேயே நிற்க வேண்டும். சீனக்குடாவில் உப்புக்காற்று என்பதால் ஸ்ட்ரட்டின் பளபளக்கும் குழாயை ஒவ்வொரு நாளும் துடையுங்கள். உப்புத்தூசி ஒயில் சீலை அரிக்கும்.

மூக்கு தாழ்ந்து, முன்னுக்கு மட்டும் ஆள் இருந்து, பலமாக பிரேக் பிடித்தால் புரொப்பெல்லர் நுனி தரையை நெருங்கும். இதில் கவனமாக இருங்கள்.

உப்புவெளி

கச்சானைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓடுபாதை 06/24. கச்சான் தென்மேற்கில் இருந்து அடிக்கும்போது 24இல், அதாவது காற்றை எதிர்த்துத் தென்மேற்காக, ஏறுவோம். அதன் தொடக்கத்துக்கு உருளும்போது காற்று வாலில். அப்போது யோக்கை (கைப்பிடிச் சுக்கானை) முன்னுக்குத் தள்ளி, காற்று எந்தப் பின்மூலையில் இருந்து வருகிறதோ அந்தப் பக்க எயிலரன் (சிறகின் பின்விளிம்பில் அசையும் தகடு) கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும். காற்று எலிவேற்றரின் (கிடைவாலின் பின்னால் அசையும் தகடு) மேல் விழுந்து வாலை அமுக்கும்.

வால் அமுங்கினால் மூக்கு இன்னும் இளகும். பின்னுக்கு ஆள் இருக்கும் 172இல் அந்த நேரம்தான் பெடல் மிகவும் மந்தம். அதற்காக யோக்கை இழுக்கவேண்டாம். இழுத்தால் காற்று எலிவேற்றருக்குக் கீழே புகுந்து வாலைத் தூக்கும். நடைவேகத்துக்கு இறங்கி, திருப்பத்தில் உட்பக்க பிரேக்கைக் கொஞ்சம் தொட்டுத் தொட்டுத் திரும்புங்கள். எஞ்சினைக் கூட்டவும் வேண்டாம். யோக் முன்னுக்கு இருக்கும்போது புரொப்பெல்லர் காற்றும் வாலைத் தூக்கப் பார்க்கும்.

எல்லாவற்றுக்கும் பின்பாரம் கெட்டதென்று எண்ணவேண்டாம். மூன்று சில்லையும் இணைத்தால் முக்கோணம், முன்முனை ஒடுக்கம். பாரம் முன்னுக்கு வர வர ஈர்ப்பு மையம் ஒடுங்கிய பக்கம் நகரும், வேகத் திருப்பத்தில் பக்கவாட்டில் கவிழும் அபாயம் கூடும். இரண்டு பேர் மட்டும் முன்னுக்கு, பின்மூலைக் காற்று, சடுதியான திருப்பம்: இந்த மூன்றையும் ஒன்றாகச் சேரவிடாதீர்கள்.

நிலாவெளி

மிக்க நன்றி. இன்னொன்று. ஓட்டுநர் மட்டும் முன்னுக்கு, பின்னுக்கு இரண்டு பேர், பொதி 120 இறாத்தல் என்றால் வால் தரையில் இருந்துவிடாதா? இருக்காவிட்டால் பாரம் சரி என்று எடுக்கலாமா?

கன்னியா

வால் தரையில் இருக்காது. ஆனால் சரியும் இல்லை, தம்பி. இது முக்கியம்.

ஓட்டுநர் 170, எரிபொருள் 160, பொதி 95 அங்குலத்தில் என்று போடுங்கள். மொத்தம் 2234, ஈர்ப்பு மையம் 47.9. ஈர்ப்பு மையத்துக்கு அனுமதித்த பின் எல்லை 47.3. முன்சில்லில் இன்னும் 157 கிலோ இருப்பதால் விமானம் சாதாரணமாக உருளும், திரும்பும், நிற்கும். ஏறும்போதுதான் மூக்கு தானாக எழும்பும். வேகம் குறைந்து ஸ்டோல் ஆனால், அதாவது சிறகு தூக்குவிசையை இழந்தால், மீட்பது கடினம்.

எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ இதைத் திருத்த ஏலாது. தாங்கி 48இல் இருக்கிறது, கிட்டத்தட்ட அதே இடம். பின்னுக்கு இருக்கும் ஒருவரை முன்னுக்கு அழைத்தால் போதும். 165 இறாத்தல் 36 அங்குலம் நகர்கிறது, ஈர்ப்பு மையம் 45.3க்கு வந்துவிடும்.

மூதூர்_பட்டறை

செஸ்னா கரவன் விமானம் போன்ற பெரிய உடலில் வால் உண்மையிலேயே தரையில் இருக்கும். சாமான் ஏற்றுமுன் வாலுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்னிருந்து ஏற்றுங்கள், பின்னிருந்து இறக்குங்கள். உருளமுன் முட்டுக்கட்டையை எடுத்தாயிற்றா என்று ஒருவர் வாலுக்குப் போய்க் கண்ணால் பார்க்கவேண்டும்.