பாலைவனப் பள்ளத்தில் கடல்நீரை விட்டால் மழை வருமா?

மணல்கடிகாரம்:
ஜூலை மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள டெத் வேலிப் பாலைவனத்தில், பேட்வாட்டர் உப்புத் தரையில் பத்து நிமிடம் நின்றேன். சூளை வாயில் நின்றது போல இருந்தது. வியர்வையே தெரியவில்லை, வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. காருக்குத் திரும்பிச் சட்டையைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கோடு. 1913-ல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது பக்கத்தில் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில்தான். நான் நின்ற இடமோ கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அன்றிலிருந்து ஒரே யோசனை. இங்கே கடலுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மலைகள், சரி. எகிப்தின் கத்தாரா பள்ளம் 133 மீட்டர் வரை இறங்குகிறது. கால்வாய் வெட்டினால் பம்பே இல்லாமல் கடல் உள்ளே வரும். ஏரி, ஆவி, மேகம், மழை. எங்கே தப்பு?

உப்புக்கல்:
மேகத்தில்தான். செங்கடலின் இரு கரையும் பாலைவனம், கவனித்தீர்களா? அந்தப் பக்கம் காற்று மேலிருந்து கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், அதில் மேகம் கட்டாது. உங்கள் டெத் வேலிக்குக் கூடுதலாக இன்னொரு தொல்லை, சியரா நெவாடா மலைத்தொடரின் மழை மறைவு; கடல் காற்றின் ஈரத்தை மலையே பிடித்துக்கொள்கிறது.

அப்புறம் உப்பு. ஒரு கன மீட்டர் கடல்நீரில் 35 கிலோ. ஆண்டுக்கு 3 மீட்டர் ஆவியானால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் தங்கும். கலிபோர்னியாவின் சால்டன் ஏரி 1905-ல் கொலராடோ ஆறு உடைத்துக்கொண்டு வந்ததால் உண்டானது. வந்தது நல்ல தண்ணீர், இன்று கடலை விட உப்பு.

ஏற்றம்:
கத்தாராவில் கடல்நீரை விடும் பழைய திட்டமே மழைக்காக இல்லை, மின்சாரத்துக்கு! தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் பள்ளம் நிரம்பாது, கடல் விழுந்துகொண்டே இருக்கும். கால்வாயை அணுகுண்டு வைத்துத் தோண்டலாம் என்றுகூட 1970-களில் யோசித்தார்கள்.

மணல்கடிகாரம்:
அணுகுண்டா! சரி, உப்பை நீக்கிவிட்டே அனுப்பினால்?

ஏற்றம்:
ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் மின்சாரம். நூறு மீட்டர் மேலே ஏற்ற இன்னும் அரை யூனிட் கூட வேண்டாம். குடிக்கத் தாராளமாகக் கட்டுப்படியாகும். ஆனால் ஒரு கிலோ கோதுமை விளைய ஆயிரம் லிட்டருக்கு மேல் வேண்டும், கணக்கு உதைக்கிறது.

வரப்பு:
எல்லாரும் தண்ணீரை எங்கிருந்தோ கொண்டுவரவே பார்க்கிறீர்கள். ஜெய்சல்மேரில் ‘காதீன்’ என்று ஒன்று உண்டு. கல் மேட்டின் அடிவாரத்தில் குறுக்கே நீளமாக மண் கரை போடுவார்கள். மேட்டில் பெய்வதெல்லாம் வழிந்து வந்து தேங்கும். தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே கோதுமை, கடலை விதைப்பார்கள். பெரிய பரப்பின் மழையைச் சின்ன வயலுக்குத் திருப்புகிறார்கள், அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி குழி தோண்டி எருப் போட்டது இதற்குச் சொந்தம்தான். அந்த எருவைத் தேடி வரும் கரையான்கள் துளைக்க, இறுகிய மண்ணுக்குள் நீர் இறங்கியது.

மணல்கடிகாரம்:
பிடித்திருக்கிறது. ஆனால் நான் நின்ற இடத்தில் ஆண்டு முழுக்க 50 மில்லிமீட்டர்தானே பெய்யும், கரை போட்டு என்ன தேங்கும்?

உப்புக்கல்:
2023 ஆகஸ்ட்டில் அந்த 50 மில்லிமீட்டரும் ஒரே நாளில் கொட்டியது. நீங்கள் நின்ற இடம் ஏரியாகி, சில மாதம் கழித்து அதில் துடுப்புப் படகு விட்டார்கள்.

மணல்கடிகாரம்:
அடடா. சட்டையாவது தப்பியிருக்கும்.