பிளஸ் ஒன் இயற்பியல்: வகுப்போடு ஆன்லைனையும் சேர்த்தால் எதை எங்கே வைப்பது?

இயக்கவியல்_ஆசிரியர் (கேள்வி)

அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ்வழி, ஒரே பிரிவில் 42 பேர். வாரம் ஏழு பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். சுமார் 30 வீடுகளில் ஸ்மார்ட்போன் உண்டு. ஆனால் பெற்றோர் வேலை முடிந்து வந்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் பிள்ளைகள் கைக்குக் கிடைக்கும். 12 பேருக்கு அதுவும் கிடையாது. ஹைடெக் லேப் இருக்கிறது, இணையம் அடிக்கடி போய்விடும். புத்தகத்தின் க்யூஆர் கோடு வழியாக, அரசின் இணையப் பாடத் தளமான தீக்ஷாவின் வீடியோக்களை அனுப்பினால் பாதிப் பேர் பார்ப்பதில்லை. பார்த்தவர்களுக்கும் கணக்கு போட வரவில்லை. இயக்கவியல் பாடத்தில் எதை வகுப்பில் வைப்பது, எதை ஆன்லைனில் கொடுப்பது? இதில் உண்மையிலேயே பலன் இருக்கிறதா, வேலைதான் இரட்டிப்பாகுமா?

கரும்பலகை

பலன் இருக்கிறது சார். வீடியோ பார்ப்பதால் வகுப்பில் மிச்சமாகும் நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில்தான் அந்தப் பலன் முழுக்க இருக்கிறது. வேலை இரட்டிப்பாவதற்குக் காரணம், இருக்கும் பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்லைனை அதன் தலைமேல் ஏற்றுவது. ஒன்றை அங்கே அனுப்பினால் வகுப்பில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

எறிபொருள் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். பெரும உயரம், பறக்கும் நேரம், கிடைத்தள நெடுக்கம் (பொருள் போய் விழும் தூரம்) மூன்றுக்கும் சூத்திரத்தைப் பலகையில் படிப்படியாக வருவித்தால் ஒரு பாடவேளை போய்விடும். அந்நேரம் மாணவர் செய்வது எழுதி எடுப்பது மட்டும். ஆகவே வருவித்தலை ஆறு நிமிட வீடியோவாக, ஒரு சூத்திரத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்து வீடியோக்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றிலும், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் பார்க்கும் நேரம் ஆறு நிமிடத்துக்குள்தான் நின்றது. உங்கள் குரல், உங்கள் கையெழுத்து, நோட்டுக்கு நேர் மேலே போன். அதுவே போதும். அறிமுகம், நன்றியுரை எதுவும் வேண்டாம். கூடவே மூன்று கேள்விகள், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வியைப் பிழைகளிலிருந்து உருவாக்குங்கள். 'மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன?' அ) சுழி ஆ) கீழ்நோக்கி 9.8 இ) மேல்நோக்கி 9.8 ஈ) கணத்துக்குக் கணம் மாறும். திசைவேகம் சுழியானால் முடுக்கமும் சுழி என்று நினைப்பவர் 'அ' போடுவார். ஏறும்போது பந்தை ஏதோ ஒன்று மேலே தள்ளிக்கொண்டே போகிறது என்று நம்புபவர் பெரும்பாலும் 'ஈ'க்குப் போவார். யாரிடம் எந்தக் குழப்பம் என்பது பாடவேளை தொடங்குமுன்பே தெரிந்துவிடும். பலகையில் நின்று "புரிஞ்சுதா?" என்று கேட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

வகுப்பில் அதே வகைக் கேள்வியை அ, ஆ, இ, ஈ அட்டை தூக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மேஸர் 1991 முதல் வளர்த்தெடுத்த முறை இது. சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நீங்களே மறுபடி விளக்க வேண்டும், பேசவிட்டால் தவறுதான் பரவும். 70-க்கு மேல் என்றால் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு நகரலாம். இடையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு, மறுபடி அட்டை தூக்கச் சொல்லுங்கள். மீதி அரை மணி நேரம் நால்வர் குழுவாகக் கணக்கு போடட்டும். நீங்கள் சுற்றி வந்து பார்க்கலாம்.

முக்கியமான எச்சரிக்கை: பார்க்காமல் வந்தவர்களுக்காக வீடியோவில் உள்ளதை வகுப்பில் திரும்ப நடத்தாதீர்கள். ஒருமுறை நடத்தினாலே, அடுத்த வாரம் பார்ப்பவர்களும் நிறுத்திவிடுவார்கள். பார்க்காதவர்கள் முதல் பத்து நிமிடம் லேப்டாப்பில் பார்த்துவிட்டுக் குழுவில் சேரட்டும்.

லேப்_கேபிள்

தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஃபைல் அளவு: படத் தெளிவு 480பி, பிட்ரேட் (ஒரு நொடிக்கான தரவு) வீடியோவுக்கு 400 கேபிபிஎஸ், ஒலிக்கு 64 கேபிபிஎஸ் வைத்தால் ஆறு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 21 எம்பி. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் இதைச் செய்யலாம், காசில்லை. நோட்டில் எழுதுவதைக் காட்ட நொடிக்கு 15 ஃபிரேம் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், அடிக்குறி எண்கள் மங்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். வாரக் கடைசியில் பழையதை அழிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் போனில் இடம் நிறைந்தால் முதலில் வெளியேறுவது உங்கள் குரூப்தான்.

போன் இல்லாத 12 பேருக்கு: இணையம் இல்லாமலே பாடங்களை மற்றக் கணினிகளுக்குக் காட்டும் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு லேப்டாப்பில் நிறுவுங்கள். பள்ளியின் லேன் (கணினிகளை இணைக்கும் உள் வலையமைப்பு) அல்லது இணையமே இல்லாத ஒரு வைஃபை ரவுட்டர் போதும். மற்றக் கணினிகளின் பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 8080 என்று அடித்தால் திறக்கும். திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: விண்டோஸ் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது ரவுட்டர் லேப்டாப்புக்கு வேறு ஐபி கொடுத்துவிட்டது. ஐபியை ரவுட்டரில் நிலையாகக் கட்டிவையுங்கள். மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாத லேப் என்றால் பென் டிரைவில் வீடியோக்கள் போதும். ஃபெட் (PhET) என்ற இலவச இயற்பியல் சிமுலேஷன்களையும் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமல் ஓடும். ஒரு கணினிக்கு இருவர், ஒரு 3.5 மிமீ ஸ்பிளிட்டர், இரண்டு இயர்போன். இது இல்லாவிட்டால் ஆறு கணினியின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. மதிய இடைவேளையில் இருபது நிமிடம் ஒதுக்கினால் முடிந்துவிடும். கேள்விகளைத் தாளில் கொடுத்துவிடலாம்.

ஆய்வுமேசை

பலன் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நேரடி வகுப்பு மட்டும் இருந்ததைவிட இரண்டும் கலந்த வகுப்பு மேலாக இருந்தது. ஆனால் கலந்த வகுப்புகளில் கற்கும் நேரமும் பாடப்பொருளும் பெரும்பாலும் கூடுதலாக இருந்தன, ஆகவே பெருமை முழுவதையும் ஆன்லைனுக்குக் கொடுக்க முடியாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது. பள்ளி மாணவர்கள் பற்றிய ஆய்வுகள் அதில் மிகக் குறைவு.

ஆன்லைனின் நிச்சயமான பலன் என்று நான் கருதுவது சின்னச் சின்ன மறுசோதனை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களைச் சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். பாடம் முடிந்த இரண்டாம் நாள், ஏழாம் நாள், மூன்றாம் வாரம் என்று மூன்று கேள்விகளை அனுப்புங்கள். இதற்கு வகுப்பு நேரம் தேவையில்லை.

செய்முறையை மட்டும் திரைக்கு விட்டுவிடாதீர்கள். திருகு அளவியின் (ஸ்க்ரூ கேஜ்) சுழிப்பிழையை, அதாவது எதையும் அளக்காதபோதே அது காட்டும் பிழையைப் பாருங்கள். புரியிடைத் தூரம் (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 1 மிமீ, சுழலும் தலைக்கோலில் 100 பிரிவு, மீச்சிற்றளவு (அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.01 மிமீ. முகங்கள் தொடும்போது தலைக்கோலின் சுழி வரைகோட்டுக்குக் கீழே இருந்து 5-ஆம் பிரிவு ஒன்றினால் பிழை +0.05, திருத்தம் −0.05. சுழி மேலே போய் 95-ஆம் பிரிவு ஒன்றினால் பிழை −0.05, திருத்தம் +0.05. குறி மாறிப்போவது இங்கேதான். இதை நாலு நிமிட வீடியோவில், கருவியை மிக அருகில் காட்டி முந்தின நாளே கொடுத்துவிடலாம். ஆனால் ராட்செட்டை (அதிகம் இறுகாமல் தடுக்கும் திருகுமுனை) திருப்பாமல் தலையையே இறுக்கி, அளக்கும் கம்பியை நசுக்குவதைக் கையில் பிடித்துத்தான் திருத்த முடியும். சிமுலேஷனில் கம்பி நசுங்குவதே இல்லை.

இயக்கவியல்_ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. கூகுள் ஃபார்மில் ஒருவர் விடையைப் பார்த்து எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன வழி?

கரும்பலகை

முதலில் அந்த மதிப்பெண்ணை எதிலும் சேர்க்காதீர்கள். மதிப்பெண் இல்லையென்றால் காப்பியடிக்கும் அவசரம் பெரிதும் குறையும், உங்களுக்கும் உண்மையான குழப்பம் தெரியும்.

அடுத்து, வரிசை எண்ணைக் கணக்குக்குள் வையுங்கள். 'நேர் மேலே எறிந்த பந்தின் தொடக்கத் திசைவேகம் = 20 + உங்கள் வரிசை எண், மீ/வி-இல். புவியீர்ப்பு முடுக்கம் 10. பெரும உயரம் என்ன?' ஏழாம் எண் மாணவருக்கு 27 மீ/வி, உயரம் 36.45 மீ, எட்டாம் எண்ணுக்கு 39.2 மீ. நண்பனிடம் கேட்டாலும் வழியைத்தான் கேட்க முடியும், அது படிப்புதானே. பதில் ஷீட்டில் ஒரு சூத்திரம் எழுதிவிட்டால் 42 பேருடையதும் தானே திருத்தப்பட்டுவிடும்.

ஃபார்மில் இரண்டு அமைப்பு. 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதை அணைத்துவிடுங்கள். அது கூகுள் கணக்கில் உள்நுழையக் கேட்கும், ஒரே போனில் அக்காவும் தம்பியும் எழுத முடியாது. அதற்குப் பதில் வரிசை எண் கட்டாயம், 1 முதல் 42 வரை மட்டும் ஏற்கும்படி வையுங்கள். தவறிய கேள்விகளையும் சரியான விடைகளையும் காட்டுவதை அணைத்துவிடுங்கள். உடனே காட்டினால் ஒன்பது மணிக்குள் ஸ்கிரீன்ஷாட் குரூப்பில் வந்துவிடும்.

லேப்_கேபிள்

ஒன்று சேர்க்கிறேன்: ஃபார்ம் நிரப்பக் கடைசி நேரத்தை ராத்திரி எட்டு, ஒன்பது என்று வைக்காதீர்கள் சார். உங்கள் பிள்ளைகளுக்குப் போன் கிடைப்பதே அப்போதுதான். காலை எட்டரை வரை திறந்திருக்கட்டும், பஸ்ஸில் வரும்போது நிரப்புபவர்களும் இருப்பார்கள்.