ஹோம் தியேட்டர் அறை: கட்டியவர்களும் திருத்தியவர்களும் சொல்லும் அனுபவங்கள்

என் அண்ணன் வீட்டு மாடியில் படம் பார்ப்பதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். நீளம் 5.2 மீட்டர், அகலம் 4 மீட்டர். நல்ல ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள கனமான சப்வூஃபர், பெரிய திரை. எல்லாம் பொருத்தி முடித்த அன்று அண்ணன் முகம் வாடிவிட்டது. இடி இடிக்கும் காட்சியில் சோபாவில் இருப்பவருக்கு இடியே இல்லை. பின்சுவரில் சாய்ந்து நின்ற பிள்ளைகளுக்கோ நெஞ்சு அதிர்ந்தது. சப்வூஃபரில்தான் பழுது என்று முடிவுகட்டி, அதை மாற்றித் தரச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே தாழ்ந்த ஒலி முன்னும் பின்னும் மோதி நிலை அலையாக நின்றுவிடும். அந்த அலையின் முதல் அதிர்வெண்ணைக் காண, ஒலியின் வேகத்தை (வினாடிக்கு 343 மீட்டர்) அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும். 5.2 மீட்டருக்கு 33 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணில் சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சோபா கிடந்தது சரியாக அந்த நடுவில். ஒவ்வோர் அதிர்வெண்ணின் பலத்தையும் தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அதை ஏற்றிப் பார்த்தோம், நடுவில் இருந்த பள்ளம் நிரம்பவில்லை. 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு ஆற்றல் தர வேண்டும். அத்தனையும் சுவரோரத்தில் முழங்குமே தவிர, நடுவில் இருப்பவர் காதுக்கு வராது.

சோபாவைத் திரைச் சுவரிலிருந்து 3.4 மீட்டர் தொலைவுக்குத் தள்ளினோம். பிறகு சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவின் மேலேயே வைத்து, பாஸ் எனும் தாழ்ந்த ஒலி நிறைந்த ஓர் இசைத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்டோம். எந்த இடத்தில் தாழ்ந்த சுரங்கள் எல்லாம் ஒரே பலத்தோடு கேட்கின்றனவோ, அதுவே சப்வூஃபருக்கு உரிய இடம். ஒலி தருமிடத்தையும் கேட்குமிடத்தையும் மாற்றிக்கொண்டாலும் அறையின் விளைவு மாறாது என்பதால் இந்த முறை பலிக்கிறது. அன்று இரவே அண்ணனுக்கு இடி கேட்டது, புதிதாக எதுவும் வாங்காமலேயே.

இனிமேல் அறை கட்டப் போகிறவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமாகவோ, ஒன்று மற்றொன்றின் நேர் இருமடங்காகவோ அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி அமைந்தால் இந்த அதிர்வெண்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவியும்.

*

எங்களை வாட்டியது வேறொன்று. நாங்கள் வாங்கிய வீட்டில் ஓர் அறையின் நான்கு சுவர்களிலும் மெல்லிய ஃபோம் ஒட்டப்பட்டிருந்தது. ஒலி வெளியே போகாத அறை என்று சொல்லித்தான் காட்டினார்கள். படம் ஓடத் தொடங்கினால் அடுத்த அறையில் தூங்கும் மகள் எழுந்துவிடுவாள். உள்ளே கேட்பவர்களுக்கும் நிறைவில்லை. பேச்சும் வயலினும் உயிரில்லாமல் மங்கிக் கிடக்க, பாஸ் மட்டும் குமுறிக்கொண்டிருந்தது.

எதிரொலியைக் குறைப்பதும் ஒலியை வெளியே விடாமல் தடுப்பதும் தனித்தனி வேலைகள். மெல்லிய ஃபோம் மேல் அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், பஞ்சு போன்ற ஒரு பொருள் அதை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அலைநீளத்தின் கால் பங்கு, அதாவது 86 சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமனோ, சுவரிலிருந்து இடைவெளியோ வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் அங்கே என்ன செய்யும்? வெளியே போவதைத் தடுக்கத் தேவையானவை எடை, காற்றுப் புகாத அடைப்பு, ஒரு சுவரின் அதிர்வு மறு சுவருக்குத் தாவாத பிரிப்பு ஆகிய மூன்றும்தான்.

நாங்கள் கதவிலிருந்து தொடங்கினோம். உள்ளே கூடான கதவை எடுத்துவிட்டுக் கனமான மரக்கதவு போட்டு, சுற்றிலும் ரப்பர் பட்டையும் அடியில் தரையைத் தொடும் அடைப்பும் வைத்தோம். பொதுச்சுவரை ஒட்டி, அதைத் தொடாமல், தனிச் சட்டத்தில் இரட்டை ஜிப்சம் பலகை எழுப்பி இடைவெளியில் கண்ணாடி இழைப் பஞ்சான கிளாஸ் ஊல் நிரப்பினோம். ஃபோம் முழுவதையும் உரித்தாயிற்று. இப்போது ஒருவர் சுவரோரம் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, சோபாவில் இருப்பவருக்கு அதில் எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே மட்டும் 10 சென்டிமீட்டர் கிளாஸ் ஊல் பலகை இருக்கிறது. மூலைகளில் இன்னும் தடிமனாக வைத்திருக்கிறோம். மகள் தூங்குகிறாள்.

*

முதலில் எழுதியவருக்கு ஒரு சேர்க்கை. 3.4 மீட்டரில் அமர்ந்தால் 2.5 மீட்டர் அகலத் திரை ஏறக்குறைய 40 பாகைக் கோணத்தில் கண்ணை நிறைக்கும். எனக்கு மிகவும் பிடித்த அளவு அது. புரொஜெக்டர் என்றால் கூரைக்கு வெள்ளை அடிக்காதீர்கள். திரையின் ஒளி கூரையில் பட்டுத் திரைக்கே திரும்பி, கருப்பைச் சாம்பலாக்கிவிடும். திரையை ஒட்டிய பகுதியையாவது பளபளப்பில்லாத கருநிறமாக்கியபின் பாருங்கள், புரொஜெக்டரையே மாற்றியது போல இருக்கும்.

*

என் அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "சண்டை எல்லாம் கேட்கிறது, பேசுவதுதான் புரியவில்லை" என்பார். வயதின் குறை என்று நாங்கள் விட்டுவிடவிருந்தோம். நடு ஸ்பீக்கரோ டி.வி.க்குக் கீழே அலமாரியின் உட்பக்கம் அடைபட்டு, அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தின் பேச்சில் பெரும்பகுதி அந்த ஒரு ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. அதை அலமாரியின் விளிம்புக்கு இழுத்து, காது உயரத்தை நோக்கிச் சற்றே நிமிர்த்தி வைத்தேன். இப்போது வசன வரிகள் இல்லாமலே பார்க்கிறார், நடுவில் எங்களைக் கேள்வி கேட்பதும் இல்லை. வீட்டில் முதியவர்கள் இருந்தால் இந்த ஒன்றை முதலில் சரிபாருங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

ஒலி போகாமல் அடைத்த அறையில் காற்றும் போகாது. நான்கு பேர், ஆம்ப்ளிஃபயர், புரொஜெக்டர் எல்லாம் சேர்ந்தால் இடைவேளைக்குள் புழுக்கம் தாங்காது. குறுகிய குழாயில் காற்றை வேகமாக ஊதினால் இரைச்சல் கேட்கும். அகலமான குழாயில், உட்புறம் பஞ்சு ஒட்டி, இரண்டு வளைவு கொடுத்து மெதுவாக விடுங்கள். சுவரைப் பூசுவதற்கு முன் ஒயர்களுக்குப் பெரிய குழாய் பதித்து, உள்ளே ஓர் இழுகயிறும் போட்டு வையுங்கள். படத்தையும் ஒலியையும் கடத்தும் எச்.டி.எம்.ஐ. கேபிளின் 2.0 பதிப்புக்கு வினாடிக்கு 18 கிகாபிட் போதுமாயிருந்தது, 2.1-இல் அது 48 ஆனது. நாங்கள் பழைய கேபிளின் வாலிலேயே புதியதைக் கட்டி இழுத்துக்கொண்டோம், சுவரில் கை வைக்கவில்லை.