புதுப்பிப்பு: ஹாரிஸ் கவுண்டியில் பிடியாணை தேடல்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹாரிஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கும் ஹூஸ்டன் நகரில் தம்பி கட்டாமல் விட்ட பழைய போக்குவரத்து அபராதத்துக்குப் பிடியாணை இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது எனக் கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

காசு பிடுங்கும் தனியார் தளங்கள் வேண்டவே வேண்டாம். சிறையில் இருப்பவர்கள் விவரம் ஷெரிப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகத் தளத்தில் இருக்கிறது. குற்ற வழக்குகள் மாவட்ட நீதிமன்ற எழுத்தரின் தளத்தில். இரண்டிலும் தம்பி பெயர் இல்லை. அப்பாடா என்று உட்கார முடியவில்லை; போக்குவரத்து அபராதங்கள் வேறு நீதிமன்றங்களுக்குப் போகின்றன. ஹூஸ்டன் நகரப் போலீஸ் தந்த அபராதச் சீட்டு நகராட்சி நீதிமன்றத்துக்குப் போகும். ஷெரிப்பின் ஆட்கள் தந்ததென்றால் கவுண்டியின் 16 அமைதி நீதிபதி நீதிமன்றங்களில் (சிறு வழக்குகளைப் பார்ப்பவை) ஒன்றுக்கு. தம்பியின் கசங்கிய சீட்டின் தலைப்பில் நகரத்தின் பெயர். நகராட்சி நீதிமன்றத் தளத்தில் தேடினால், பிடியாணை பல்லிளிக்கிறது! பிறந்த தேதியும் பொருந்துகிறது (ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், அதையும் பாருங்கள்). வழக்கறிஞரிடம் பேசியாயிற்று; திங்கட்கிழமை ஆஜராகிறான்.